சமணர் வீட்டில் பாடம் கேட்ட தமிழ்த் தாத்தா

கடலூரையும் சிதம்பரத்தையும் சுற்றியுள்ள ஊர்களில் அப்பர் கதையைக் கேளாமல் வளர்ந்த பிள்ளைகள் குறைவு. குறிஞ்சிப்பாடியில் தறி ஓசைக்கு நடுவே உட்கார்ந்து, பேரப் பிள்ளைக்குச் சோறு ஊட்டும் பாட்டிக்கும் அந்தக் கதை தெரியும்.

திருநாவுக்கரசர் இளமையில் சமண சமயத்தைத் தழுவினார். திருப்பாதிரிப்புலியூருக்கு அந்தக் காலத்தில் பாடலிபுத்திரம் என்று பெயர். அங்கே இருந்த சமணப் பள்ளியில் தருமசேனர் என்ற பெயரோடு தலைவராக விளங்கினார். அப்போது அவருக்குக் கொடிய வயிற்று வலி வந்தது. திருவதிகையில் இருந்த தமக்கை திலகவதியாரிடம் ஓடினார். அங்கே சிவபெருமானைப் பாடி நோய் நீங்கினார். சமணர்கள் பல்லவ மன்னனிடம் போய் முறையிட்டார்கள். மன்னன் அவரைச் சுண்ணாம்புக் காளவாயில் இட்டான்; நஞ்சு ஊட்டினான்; யானையை ஏவினான். கடைசியில் கல்லோடு கட்டிக் கடலில் தள்ளினான். கல் தெப்பமாக மிதந்தது. அப்பர் கரை ஏறிய இடம் கடலூரை அடுத்த கரையேறவிட்டகுப்பம் என்று இன்றும் சொல்லுகிறார்கள்.

இந்தக் கதையில் சமணர்கள் பொல்லாதவர்கள். கேட்கிற குழந்தையின் மனத்தில் அந்த எண்ணமே நிற்கும். சமணர் வீட்டில் என்ன நூல் படிப்பார்கள், எப்படிக் கும்பிடுவார்கள், பிள்ளைகளுக்கு என்ன சொல்லி வளர்ப்பார்கள் என்பதையெல்லாம் கதை சொல்வதில்லை. அது அந்தக் கதையின் வேலையும் அல்ல.

இத்தகைய கதைகளைக் கேட்டு வளர்ந்த ஒரு சிவபக்தர், சமணர்களுடைய பெருங்காப்பியத்தைப் பிறருக்குப் பாடம் சொல்ல நேர்ந்தது. அவர் பிறந்த குலம் வேறு. கும்பிட்ட தெய்வம் வேறு. குருவிடம் கற்ற நூல்கள் வேறு. தமக்கு உறவில்லாத ஒரு சமயத்தின் நூலை ஓர் ஆசிரியர் எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

இந்தக் கேள்விக்குத் தம் வாழ்க்கையாலேயே விடை கூறியவர் மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர். தமிழ்த் தாத்தா என்று நாடே அன்போடு அழைக்கும் பெரியவர் அவர்தான்.

குருவின் வீடு

சாமிநாதையர் 1855ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 19ஆம் தேதி பிறந்தார். பழைய தஞ்சை ஜில்லாவில் பாபநாசத்துக்கு அருகில் இருந்த உத்தமதானபுரம் அவருடைய ஊர். தந்தை வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான். தாயார் பெயர் சரசுவதி அம்மாள். குடும்பத்தில் செல்வம் இல்லை. ஊர் ஊராகப் போய் இராமாயணக் கதை சொல்லித் தந்தையார் குடும்பத்தைக் காப்பாற்றினார். மகனைச் சங்கீதத்தில் தேர்ச்சி பெறச் செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை. மகனுக்கோ தமிழின் மேலேதான் பித்து.

1871இல் அந்தப் பித்து அவரை மாயூரத்துக்குக் கொண்டு போய்ச் சேர்த்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அப்போது அங்கே இருந்தார். அவரைப் போலத் தமிழ்ப் பாடம் சொல்பவர் அந்தக் காலத்தில் இல்லை என்பார்கள். பிள்ளையவர்கள் சிறந்த சைவர். திருவாவடுதுறை ஆதீனத்து வித்துவான். ஆனாலும் அவரிடம் பாடம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் சைவர்கள் அல்லர். சவரிராயலு நாயகர் என்ற கிறிஸ்தவர் அவரிடம் படித்தார். நாகூர் குலாம் காதிறு நாவலர் என்ற முஸ்லிம் புலவரும் அவரிடம் படித்தவரே. மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை கிறிஸ்தவர். பிள்ளையவர்களுக்கு உயிர் நண்பர். அவர் மீது பிள்ளையவர்கள் கோவை நூல் ஒன்றே பாடியிருக்கிறார்.

இதையெல்லாம் இளைஞர் சாமிநாதன் அருகிலிருந்து பார்த்தார். பாடம் கேட்க வருபவன் யார் என்று குரு பார்க்கவில்லை. ஆசையோடு வருகிறானா என்றே பார்த்தார். இந்தப் பாடம் ஏட்டில் எழுதியது அல்ல. ஆனால் பின்னால் பெரிதும் பயன்பட்டது.

1876இல் பிள்ளையவர்கள் காலமானார்கள். அதன் பிறகு திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் இளைஞரை ஆதரித்தார். 1880ஆம் ஆண்டு பிப்ரவரியில் கும்பகோணம் கவர்ன்மெண்டு காலேஜில் தமிழ்ப் பண்டிதர் வேலை கிடைத்தது. அதில் இருந்து ஓய்வு பெற்ற தியாகராச செட்டியாரே தம் இடத்துக்குச் சாமிநாதையரைச் சிபாரிசு செய்தார். இருபத்தைந்து வயதில் காலேஜ் பண்டிதர் ஆகிவிட்டார். இனிக் கற்பதற்கு அதிகம் இல்லை என்று யாருக்கும் தோன்றக்கூடிய நேரம் அது.

முன்சீப்பின் கேள்வி

அதே ஆண்டு அக்டோபர் மாதம் 21ஆம் தேதி ஒரு சந்திப்பு நிகழ்ந்தது. கும்பகோணத்துக்கு முன்சீப்பாகச் சேலம் இராமசாமி முதலியார் மாற்றலாகி வந்திருந்தார். சாமிநாதையர் அவரைப் பார்க்கப் போனார்.

முதலியார் அதிகம் பேசவில்லை. யாரிடம் படித்தீர்கள், என்ன படித்தீர்கள் என்று மட்டும் கேட்டார். சாமிநாதையர் உற்சாகமாகத் தாம் படித்த நூல்களை அடுக்கினார். அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், உலாக்கள், கோவைகள், தலபுராணங்கள் என்று பட்டியல் நீண்டது. முதலியார் முகத்தில் வியப்பு இல்லை, மகிழ்ச்சியும் இல்லை. இவற்றைப் படித்து என்ன பயன் என்ற முறையில் ஒரு கேள்வி போட்டார். கம்பராமாயணத்தைச் சொன்ன பிறகும் அவர் நிற்கவில்லை. சீவக சிந்தாமணி படித்தது உண்டா, மணிமேகலை படித்தது உண்டா, சிலப்பதிகாரம் படித்தது உண்டா என்று மேலும் மேலும் கேட்டார்.

ஒன்றையும் படித்ததில்லை. சாமிநாதையரின் குருவும் அவற்றைப் பாடம் சொன்னதில்லை. புத்தகம் கிடைத்தால் படித்துப் பாடம் சொல்ல முடியும் என்று அவர் துணிந்து கூறினார். அதன் பிறகு முதலியார் தம்மிடம் இருந்த சிந்தாமணிப் பிரதி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அச்சுப் புத்தகம் அல்ல. கையால் எழுதிய காகிதப் பிரதி.

விடுமுறை நாட்களில் முதலியாருக்குச் சிந்தாமணி பாடம் சொல்வது என்று ஏற்பாடு ஆயிற்று.

முதல் பாட்டே பிடிபடவில்லை

சீவக சிந்தாமணியைப் பாடியவர் திருத்தக்கதேவர் என்ற சமண முனிவர். சமணரை ஜைனர் என்றும் சொல்வார்கள். நூலில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுட்கள் உண்டு. பதின்மூன்று இலம்பகங்கள், அதாவது பகுதிகள்.

கதை சுவையானது. சச்சந்தன் என்ற மன்னன் ராஜ்யத்தை மந்திரி கட்டியங்காரனிடம் விட்டுவிட்டு அந்தப்புரத்திலேயே கிடந்தான். மந்திரி சூழ்ச்சி செய்து மன்னனைக் கொன்றான். கருவுற்றிருந்த அரசி விசயை மயில் வடிவமான பொறியில் ஏறி வானத்தில் தப்பினாள். பொறி சுடுகாட்டில் இறங்கியது. அங்கே சீவகன் பிறந்தான். கந்துக்கடன் என்ற வணிகன் குழந்தையை எடுத்து வளர்த்தான். வளர்ந்த சீவகன் எட்டுப் பெண்களை மணந்தான். கட்டியங்காரனைக் கொன்று அரசைப் பெற்றான். முடிவில் எல்லாவற்றையும் துறந்து தவம் செய்யப் போய்விட்டான்.

கதை புரிந்தது. கருத்துப் புரியவில்லை. தொடக்கத்தில் உள்ள கடவுள் வாழ்த்தே புதிதாக இருந்தது. சிவபெருமானையோ திருமாலையோ பாடும் வாழ்த்தாக இருந்தால் சாமிநாதையர் ஒரு நாழிகையில் விளக்கிவிடுவார். இது அருகனைப் போற்றும் வாழ்த்து. நூல் முழுவதும் சமணர்களுடைய சொற்கள். அவர்களுடைய உலகக் கணக்கு. உயிர், வினை, வீடு பற்றிய அவர்களுடைய கொள்கைகள். நச்சினார்க்கினியர் எழுதிய உரை இருந்தது. ஆனால் அந்த உரை ஏற்கெனவே அறிந்தவர்களுக்கு எழுதியது போல இருந்தது. அதைப் புரிந்து கொள்ளவே இன்னொரு உரை வேண்டும் போலத் தோன்றியது.

மெத்தப் படித்தவர் இப்படிப்பட்ட இடத்தில் என்ன செய்வார்? தெரிந்த சமயத்தின் கருத்தை ஏற்றி ஒருவாறு பொருள் சொல்லிவிடலாம். கேட்பவருக்கும் தெரியாது. பண்டிதர் என்ற மதிப்பும் குறையாது. சாமிநாதையர் அப்படிச் செய்யவில்லை. தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டார். தெரிந்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தேடத் தொடங்கினார்.

தோரணம் கட்டிய வீடு

அதிகத் தொலைவு போக வேண்டியிருக்கவில்லை. கும்பகோணத்திலேயே சமணக் குடும்பங்கள் இருந்தன. அவர்கள் தமிழ் பேசுகிறவர்கள். பல தலைமுறையாகத் தமிழ்நாட்டில் வாழ்கிறவர்கள். அடுத்த தெருவில் இருந்தும் அவர்கள் என்ன படிக்கிறார்கள் என்பது காலேஜ் பண்டிதருக்குத் தெரியாமல் இருந்தது.

ஒருநாள் அவர்களுள் ஒருவருடைய வீட்டுக்குச் சாமிநாதையர் சென்றார். வாசலில் கோலம் போட்டிருந்தது. தோரணம் கட்டியிருந்தது. கலியாணமோ பண்டிகையோ என்று நினைத்து என்ன விசேஷம் என்று விசாரித்தார். வந்த விடை அவரைத் திகைக்க வைத்தது. அந்த வீட்டில் ஆறு மாத காலமாகச் சிந்தாமணி படித்துப் பொருள் சொல்லிக் கொண்டு வந்தார்களாம். அன்று அது பூர்த்தி ஆயிற்றாம். அந்தக் கொண்டாட்டமே அது.

எந்த நூலின் முதல் பாட்டுக்குப் பொருள் தெரியாமல் அவர் தவித்தாரோ, அந்த நூலை அங்கே வீட்டுப் பெண்களும் முதியவர்களும் உட்கார்ந்து முழுவதும் கேட்டு முடித்திருந்தார்கள்! சைவர் வீட்டில் பெரிய புராணம் எப்படியோ, வைணவர் வீட்டில் இராமாயணம் எப்படியோ, அவர்களுக்குச் சிந்தாமணி அப்படி. அதைப் படிப்பது அவர்களுக்குப் புண்ணியம். முடித்தால் திருவிழா.

வித்துவான்கள் மறந்துவிட்ட நூல் வீடுகளில் உயிரோடு இருந்தது. சாமிநாதையர் அன்று முதல் அந்த வீடுகளின் மாணாக்கர் ஆனார். காலேஜில் பகலெல்லாம் பாடம் சொல்லிவிட்டு, ஓய்வு நேரத்தில் சமணர் வீட்டுக்குப் போய்ப் பாடம் கேட்டார். வீடூர் அப்பாசாமி நயினார் என்ற சமண அறிஞரிடம் பழகிப் பல ஐயங்களைத் தீர்த்துக் கொண்டார். வீடூர் பழைய தென்னார்க்காட்டு ஜில்லாவில் உள்ள ஊர். அப்பரை எதிர்த்தவர்கள் என்று கதையில் வருகிற சமணர்களின் சந்ததியார், அந்த ஜில்லாவின் பல கிராமங்களில் உழுது பயிரிட்டு அமைதியாக வாழ்ந்து வந்தார்கள். இன்றும் வாழ்கிறார்கள்.

உள்ளிருந்து வந்த ஒரு சொல்

எல்லோரும் உடனே மனம் திறக்கவில்லை. வேறு சமயத்தாருக்குத் தங்கள் நூலின் உட்பொருளைச் சொல்லலாமா என்று சிலர் தயங்கினார்கள். அதில் தவறு காண முடியாது. சமண சமயத்தைப் பற்றிக் கேட்க வந்தவர்கள் வாதாடவும் கேலி செய்யவுமே வந்த காலங்கள் உண்டு. நெற்றியில் திருநீறு பூசிய பிராமணர் ஒருவர் சமண தத்துவம் கேட்கிறார் என்றால், எதற்கோ என்ற அச்சம் எழுவது இயல்பு.

ஒருநாள் அப்படித் தயக்கம் காட்டிய ஒரு வீட்டில், உள்ளேயிருந்து அந்த வீட்டு அம்மையார் குரல் கொடுத்தார். இவ்வளவு ஆசையாகக் கேட்கிறாரே, இவர் பவ்விய ஜீவனாக இருக்க வேண்டும், தயங்காமல் சொல்லலாம் என்பது அவர் வாக்கின் கருத்து.

பவ்விய ஜீவன் என்பது சமணர்களுடைய சொல். நல்ல பக்குவம் உடையதாய், முத்தி அடையத் தகுதி பெற்ற உயிர் என்று பொருள். அந்தச் சொல்லைக் கேட்டுச் சாமிநாதையர் அடைந்த ஆனந்தத்துக்கு அளவில்லை. அரசாங்கம் 1906இல் மகாமகோபாத்தியாயர் என்ற பட்டத்தை அவருக்குக் கொடுத்தது. சென்னைச் சர்வகலாசாலை 1932இல் டாக்டர் பட்டம் கொடுத்தது. இவற்றுக்கெல்லாம் பல ஆண்டுகள் முன்பே, அடுப்பங்கரையில் இருந்த ஒரு பெண்மணி கொடுத்த பட்டம் அது. தமது சமயத்துக்கு வெளியே பிறந்த ஒருவரை, தமது நூலைக் கேட்கத் தகுதி உடையவர் என்று அவர் ஏற்றுக் கொண்டார்.

சாமிநாதையர் சமணராக மாறவில்லை. திருநீற்றை அழிக்கவில்லை. கடைசி வரையில் சிவபக்தராகவே வாழ்ந்தார். மாறியது வேறு ஒன்று. சமணர் என்றால் அதுவரை புராணக் கதையில் வரும் பெயர். இப்போது சமணர் என்றால் வாசலில் வரவேற்கும் மனிதர். ஐயம் தீர்க்கும் ஆசிரியர். ஏடு கொடுத்து உதவும் நண்பர். எட்டுத் திருமணங்களைப் பாடும் நூல் ஏன் துறவில் போய் முடிகிறது என்பதும் விளங்கியது. இல்லறத்தாருக்கு ஒரு நெறி, துறவிக்கு ஒரு நெறி என்று இரண்டையும் படிப்படியாக வகுத்து வாழ்கிறவர்களை நேரில் பார்த்தால், அந்த முடிவு வியப்பாக இராது.

உரையாசிரியர் செய்ததும் இதுவே

இந்த வழியில் போனவர்களில் சாமிநாதையர் முதல்வர் அல்லர். சிந்தாமணிக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியரைப் பற்றிச் சமணர்களிடையே ஒரு கதை வழங்குகிறது.

நச்சினார்க்கினியர் மதுரையைச் சேர்ந்தவர், சமணர் அல்லர். அவர் முதலில் எழுதிய உரையைச் சமண அறிஞர்களிடம் காட்டினாராம். அவர்கள் அது சரியில்லை என்று தள்ளிவிட்டார்களாம். அவர் கோபித்துக் கொள்ளவில்லை. செஞ்சிப் பக்கத்தில் உள்ள சித்தாமூருக்குப் போய்ச் சமணரோடு சமணராகத் தங்கினாராம். அவர்கள் நூல்களையெல்லாம் கற்றுத் திரும்பவும் உரை எழுதினாராம். அதைப் பார்த்துச் சமணர்கள் மெச்சினார்களாம். சித்தாமூரில் தமிழ்ச் சமணர்களின் மடம் இன்றும் இருக்கிறது.

கதை உண்மையோ, பின்னால் கட்டியதோ, அதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஒரு நூலுக்கு உரை சரியா தவறா என்று சொல்ல, அந்த நூலை வாழ்க்கையாகக் கொண்டவர்களுக்கும் உரிமை உண்டு என்பதே அந்த நியாயம்.

ஆனால் மறுபக்கமும் உண்டு. சமணர்கள் வீட்டில் சிந்தாமணி உயிரோடு இருந்தது உண்மை. இருந்தும் அது அவர்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தது. ஏடுகளில் பாடம் வேறுபட்டது. எழுதினவர்கள் கை தவறிய இடங்கள் இருந்தன. பல ஏடுகளை ஒப்பிட்டு, எது சரியான பாடம் என்று துணிந்து, இலக்கணம் பார்த்து, உலகம் படிக்கும்படி அச்சிட வேண்டும். அதற்கு மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கர் தேவைப்பட்டார். சமணர்களிடம் ஒரு பாதி. சாமிநாதையரிடம் ஒரு பாதி. இரண்டும் சேர்ந்தபோதுதான் நூல் முழுமை அடைந்தது.

ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தார். கையொப்பம் சேர்த்துப் பணம் திரட்டினார். விடுமுறையில் சென்னைக்குப் போய் அச்சுப் பிழை திருத்தினார். 1887இல் சீவக சிந்தாமணி உரையோடு முழுவதும் வெளிவந்தது. முன்சீப்பின் கேள்விக்கு விடை சொல்ல ஏழு ஆண்டுகள் ஆயின.

கேட்க ஆள் இல்லாத மதம்

சிந்தாமணிக்குப் பின் பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும் வெளிவந்தன. அடுத்தது மணிமேகலை. இங்கேதான் பெரிய சங்கடம் வந்தது.

மணிமேகலை பௌத்த நூல். தொடக்கத்தில் அது எந்தச் சமயத்து நூல் என்பதே சாமிநாதையருக்குத் தெரியவில்லை. சிந்தாமணிக்குச் செய்ததைப் போல, தெரிந்தவர் வீட்டுக்குப் போய்க் கேட்கலாம் என்றால், எந்த வீட்டுக்குப் போவது? தமிழ்நாட்டில் பௌத்தக் குடும்பம் ஒன்றும் அவர் கண்ணில் படவில்லை. நாகப்பட்டினத்தில் ஒரு காலத்தில் பெரிய பௌத்த விகாரம் இருந்தது. ராஜராஜ சோழன் காலத்தில் கடல் கடந்த ஸ்ரீவிஜய நாட்டு மன்னன் கட்டியது. அங்கே கடைசியாக நின்ற பழைய கோபுரத்தையும் 1867இல் இடித்துவிட்டார்கள். கோலம் போட்ட வாசலும் இல்லை. உள்ளிருந்து குரல் கொடுக்க ஓர் அம்மையாரும் இல்லை.

கும்பகோணம் காலேஜில் உடன் வேலை பார்த்த மளூர் ரங்காசாரியார் கை கொடுத்தார். அவர் வைணவர், வடமொழியிலும் ஆங்கிலத்திலும் வல்லவர். அந்த நூல் பௌத்தம் என்று கண்டு சொன்னார். பௌத்தத்தைப் பற்றி வெள்ளைக்கார அறிஞர்கள் எழுதிய புத்தகங்களைப் படித்து, சாமிநாதையருக்குத் தமிழில் விளக்கினார். ஒரு சைவர், ஒரு வைணவரிடம், ஐரோப்பியர் எழுதிய நூல்களைக் கொண்டு, புத்தர் பெருமானின் தர்மத்தைக் கற்றார்!

1898இல் மணிமேகலை வெளிவந்தது. தாம் பட்ட சிரமத்தை மற்றவர்கள் படக்கூடாது என்று, புத்தர் சரித்திரம், பௌத்த தருமம், பௌத்த சங்கம் ஆகியவற்றைப் பற்றி எளிய தமிழில் எழுதியும் வெளியிட்டார். பிறப்பால் உறவு இல்லை. பழக்கத்தாலும் உறவு இல்லை. உழைப்பால் மட்டுமே தேடிக் கொண்ட உறவு அது. அது முடியாத காரியம் அல்ல என்று காட்டினார். சிந்தாமணிக்கு வாய்த்ததைப் போல நேரில் கேட்டு அறியும் பேறு மணிமேகலைக்கு வாய்க்கவில்லை என்பதும் உண்மை.

தில்லையில் ஆசிரியர்

1903இல் சாமிநாதையர் சென்னை ராஜதானிக் கல்லூரிக்கு மாற்றலாகிப் போனார். 1919இல் ஓய்வு பெற்றார். இனி ஏடும் எழுத்தாணியுமாக வீட்டில் இருக்கலாம் என்ற வயது. ஆனால் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் மீனாட்சி தமிழ்க் கல்லூரியை ஏற்படுத்தியபோது, அதன் தலைமைப் பொறுப்பை ஏற்கும்படி அவரை அழைத்தார். 1924இல் அவர் சிதம்பரம் வந்தார். அப்போது அவருக்கு அறுபத்தொன்பது வயது. 1927 வரையில் அங்கே பணி செய்தார். பிறகு உடல்நலம் இடம் கொடாததால் சென்னைக்குத் திரும்பினார். அந்தக் கல்லூரி 1929இல் உருவான அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது.

சிதம்பரத்துக்கும் சிந்தாமணிக்கும் ஒரு பழைய வழக்கு உண்டு. சோழ மன்னன் ஒருவன் சிந்தாமணியை விரும்பிக் கேட்டுக் கொண்டிருந்தானாம். அவனுடைய மந்திரியாகிய சேக்கிழார் அதைக் கண்டு வருந்தினாராம். சமணர் கதையை விட்டுச் சிவனடியார் கதையைக் கேட்கச் செய்ய வேண்டும் என்று எண்ணிச் சிதம்பரத்துக்கு வந்தாராம். ஆயிரக்கால் மண்டபத்தில் அமர்ந்து பெரிய புராணம் பாடினாராம். அப்பர் கதையை ஊர் ஊருக்குக் கொண்டு சேர்த்த நூல் அதுதான்.

அந்தத் தில்லையிலே, சிந்தாமணிக்கு மறுவாழ்வு கொடுத்தவர் தமிழ் ஆசிரியராக அமர்ந்தார். நடராஜப் பெருமானை வணங்கினார். பெரிய புராணத்தையும் சிந்தாமணியையும் ஒரே மனத்தில் வைத்துப் போற்றினார். பழைய வழக்கு அந்த ஒரு மனிதரிடத்தில் சமாதானமாக முடிந்தது.

இதே சிதம்பரத்தில் 1864இல் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியிருந்தார். நாவலர் இளமையில் பாதிரிமார் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். பைபிளைத் தமிழில் மொழிபெயர்க்க பெர்சிவல் பாதிரியாருக்குத் துணை புரிந்தவர். 1848இல் அந்த வேலையை விட்டார். சைவப் பிள்ளைகளுக்குச் சைவத்தை அதில் பற்றுடையவர்களே கற்பிக்க வேண்டும் என்று கருதிச் சொந்தமாகப் பள்ளிக்கூடம் தொடங்கினார். தங்கள் சமயத்தை இகழ்கிறவர்களிடம் பிள்ளைகள் படித்தால் என்ன ஆகும் என்ற கவலை அவருக்கு இருந்தது. அந்தக் கவலை நியாயமானது. அன்பில்லாதவர் கற்பித்தால் பிள்ளைகள் தங்கள் வீட்டையே வெறுத்துவிடுவார்கள்.

சாமிநாதையர் அந்தக் கவலைக்கு வேறு ஒரு வழி காட்டினார். அன்பு பிறப்பினால் மட்டும் வருவதில்லை; தேடிப் போகிறவனுக்கும் வரும் என்று காட்டினார்.

இன்றைய வகுப்பறை

1942ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் தேதி திருக்கழுக்குன்றத்தில் சாமிநாதையர் காலமானார். கடைசிக் காலத்தில் ஆனந்த விகடனில் தம் சரித்திரத்தை எழுதி வந்தார். எண்பது வயது தாண்டியும், இளமையில் தமக்குச் சிந்தாமணிப் பொருள் சொன்ன சமண நண்பர்களை அதில் நன்றியோடு நினைவு கூர்ந்தார். டாக்டர் பட்டம் பெற்ற பெரியவர், தாம் அவர்களிடம் பாடம் கேட்டதைச் சொல்ல வெட்கப்படவில்லை.

அவர் பட்ட சிரமம் இன்று ஒவ்வொரு தமிழாசிரியருக்கும் சிறிய அளவில் வருகிறது. பள்ளிப் பாடத்தில் பெரிய புராணம் வரும், சிந்தாமணி வரும், கிறிஸ்தவக் காப்பியமாகிய தேம்பாவணி வரும், நபிகள் நாயகத்தின் வரலாற்றைப் பாடும் சீறாப்புராணம் வரும். குறிஞ்சிப்பாடிப் பள்ளி ஒன்றில் இவை எல்லாவற்றையும் ஒரே ஆசிரியர் நடத்த வேண்டும். அவர் எல்லாச் சமயத்திலும் பிறந்திருக்க முடியுமா?

பிறந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் போய்க் கேட்கலாம். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரை ஆதரித்த வள்ளல்களுள் ஒருவரான அபுல் காசிம் மரைக்காயர், சிதம்பரத்தை அடுத்த பரங்கிப்பேட்டையைச் சேர்ந்தவர். குறிஞ்சிப்பாடிக்கு அது அதிகத் தொலைவு இல்லை. அங்கே ஒரு முஸ்லிம் பெரியவரிடம் உட்கார்ந்து ஒரு மாலைப் பொழுது கேட்டுவிட்டு வந்து பாடம் நடத்துகிற ஆசிரியரின் சொல்லில் தனி உயிர் இருக்கும். வகுப்பில் முதல் வரிசையில் ஒரு முஸ்லிம் பிள்ளை இருந்தால், தன் வீட்டைப் பற்றி ஆசிரியர் சரியாகச் சொல்லுகிறார் என்று அதன் முகம் மலரும். பக்கத்தில் இருக்கும் இந்துப் பிள்ளைக்கும் அடுத்த வீட்டைப் பற்றி நல்லதாக ஒன்று தெரியவரும்.

கல்லோடு கட்டிக் கடலில் தள்ளிய கதையைப் பாட்டி சொல்லட்டும். அது பக்திக் கதை; அது நிலைத்திருக்கும். பாட்டி சொல்லாத இன்னொரு கதையை ஆசிரியர் சொல்ல வேண்டும். வாசலில் தோரணம் கட்டி, ஆறு மாதம் தமிழ்க் காவியம் படித்து முடித்துக் கொண்டாடிய சமணக் குடும்பத்தின் கதை அது. அந்த வாசலில் போய் நின்று, தெரியாது, சொல்லிக் கொடுங்கள் என்று கேட்ட ஒரு சிவபக்தரின் கதையும் அதுவே.